கை தவறினாலும் செல்லும்

மார்ச் 4

ஆபீசை விட்டு வந்தபின் முதல் சொந்த வேலை. குழந்தைகள் டாக்டரம்மா ஒருவர் கட்டப்போகும் சிறிய மருத்துவமனைக்கு வரைபடம். ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டதால் கையொடிந்த மாதிரி இருந்தது. இன்று புதிது வாங்கக் கிளம்பினோம், நானும் என் வீட்டுக்காரரும். அக்கா வீட்டு அத்தானும் சேர்ந்துகொண்டார். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு 'நிபுணர்' என்று பெயர்.

லேப்டாப்பைச் சட்டென்று தேர்ந்தெடுத்துவிட்டேன். பில் போடும்போதுதான் சிக்கல். "எக்ஸ்டெண்டட் வாரன்டி போட்டுக்கிறீங்களா, ஆக்ஸிடென்டல் டேமேஜ் கவரா, இல்ல ரெண்டுமா?" என்று கேட்டாள் விற்பனைப் பெண். நான் வாயைத் திறக்குமுன் அத்தான் முந்திக்கொண்டார். "ரெண்டும் தண்டம். நீ என்ன சின்னக் குழந்தையா? கீழ போடாம வச்சுக்கத் தெரியாதா?"

இந்த வாரத்துக்குள் சொன்னால் போதுமாம். யோசிக்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன்.

மார்ச் 5

உட்கார்ந்து படித்தேன். எக்ஸ்டெண்டட் வாரன்டி என்பது, கம்பெனி கொடுக்கும் வாரன்டி முடிந்தபிறகு பொருள் தானாகக் கெட்டால். ஆக்ஸிடென்டல் என்பது நாமே கெடுத்தால் - விழுந்தால், உடைந்தால், தண்ணீர் கொட்டினால்.

என்னிடம் எந்தப் பொருள் தானாகக் கெட்டிருக்கிறது? போன் மாடிப்படியில் உருண்டது. பழைய லேப்டாப் சிமெண்ட் மூட்டையிலிருந்து சரிந்தது. எல்லாம் என் கைவண்ணம்தான்.

மார்ச் 7

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டேன். கட்டட வேலை நடக்கிற இடத்தில் விழுந்தால்? "எங்க விழுந்தாலும் செல்லும் மேடம்." திருடு போனால்? "அது வராது." உள்ளே இருக்கும் வரைபடங்கள்? "மெஷினுக்குத்தான் நாங்க பொறுப்பு. உள்ள இருக்கறதுக்கு நீங்கதான்."

நேராகப் பதில் சொன்னார், பிடித்திருந்தது. வரைபடங்களுக்கு அன்றன்றைக்கே பிரதி எடுத்து வைத்துவிட வேண்டும்.

ஆக்ஸிடென்டல் மட்டும் போதும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அத்தான் கோவிச்சுக்குவாரே," என்றார் இவர்.

"கோவிச்சுக்கட்டும்."

மார்ச் 8

எடுத்தாயிற்று. நிபுணரிடம் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 19

விழுந்துவிட்டது.

டாக்டரம்மாவின் காலி மனையில், கல் அடுக்கின் மேல் லேப்டாப்பை வைத்து, மேஸ்திரிக்கு வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினேன், தோள்பை வார் மாட்டி இழுத்தது. திரையில் குறுக்காக ஒரு விரிசல். அப்புறம் ஒரே இருட்டு. மேஸ்திரி குனிந்து பார்த்து, "உசிர் இருக்காம்மா?" என்றார். இல்லை.

நாளை மறுநாள் டாக்டரம்மாவும் பங்குதாரர்களும் வருகிறார்கள். பிடிக்கவில்லை என்றால் வேலை என் பழைய ஆபீசுக்குப் போய்விடும். அங்கே வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறார்கள். எனக்கு ஏன் இந்தக் கை? அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஏப்ரல் 20

சர்வீஸ் சென்டர். கவுண்டரில் இருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஓரத்துல வச்சிருக்கீங்க. இது கவனக்குறைவு மேடம், கவர்ல வராது," என்றார்.

திரும்பிவிடலாம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பிறகு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "சார், கவனமா இருக்கிறப்ப யாராவது கீழ போடுவாங்களா? வேணும்னே போட்டா அது விபத்தே இல்ல. கவனம் தப்பினாதானே விபத்து? அதுக்குத்தானே இத வித்தீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "இருங்க, மேல கேட்டுச் சொல்றேன்."

"அவங்களையே வரச் சொல்லுங்க."

மேலாளரம்மா வந்தார். நிபந்தனைகளை என் கண்ணெதிரிலேயே படித்தார். வேண்டுமென்றே உடைத்தால் மட்டும்தான் வராது. "அவங்க சொல்றது சரிதான். எடுத்துக்கங்க," என்று கவுண்டர்காரரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "புதுத் திரை போடணும். ஒரு வாரம் ஆகும்."

ஜெயித்துவிட்டேன். ஆனால் நாளைக்கு என்ன செய்ய?

ஏப்ரல் 21

பிரதி இருந்ததால் நேற்றே கடையில் தாளில் அச்செடுத்துவிட்டேன். தாளைப் பார்த்தால் வரைகிறவர்களுக்குப் புரியும், மற்றவர்களுக்கு அது வெறும் கோடு. கட்டடத்தைத் திரையில் சுழற்றிக் காட்டலாம் என்றால், அந்த மென்பொருள் வேறு யாரிடமும் இல்லை. விடிந்ததும் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். சுண்ணாம்புத் தூளால் மருத்துவமனை முழுவதையும் மனையிலேயே, உண்மையான அளவில், தரையில் வரைந்தோம். கதவு இருக்கும் இடங்களில் மட்டும் கோடு இல்லை.

வந்தார்கள். டாக்டரம்மா வாசல் வழியாக உள்ளே நுழைந்து, காத்திருக்கும் இடத்தில் நின்று, தன் அறைக்குப் போனார். கையை நீட்டி, "இங்க ஜன்னல்?" என்றார். ஆமாம் என்றேன். அவருடைய அண்ணன், முக்கியப் பங்குதாரர், போன் பேசியபடி கோட்டைத் தாண்டி நடந்து வந்தார்.

"அண்ணா, அது சுவரு. சுத்தி வாங்க," என்றார் டாக்டரம்மா.

அவரும் போனைக் காதிலிருந்து எடுக்காமலே பின்னால் போய், கதவு வழியாக வந்தார். அப்போதே தெரிந்துவிட்டது, வேலை எனக்குத்தான்.

ஏப்ரல் 28

லேப்டாப் வந்துவிட்டது. புதுத் திரை, கண்ணாடி போல. காசு எதுவும் கேட்கவில்லை. அக்காவோடு அத்தான் வந்து எல்லாக் கதையையும் கேட்டார். "இந்தக் கவரை எடுக்கச் சொல்லி நானே சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றார். அக்கா சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள்.

செப்டம்பர் 12

மருத்துவமனைக்குக் கூரை போட்டாயிற்று. அதைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள், ஒருவர் பள்ளிக்கூடம் கட்டுகிறார். தனியாக முடியாது என்று பழைய ஆபீஸ் தோழியைக் கேட்டேன். உடனே ராஜினாமா கொடுத்துவிட்டாள். இன்று அவளுக்காக இன்னொரு லேப்டாப் வாங்கினேன். எதைக் கீழே போடுவாள், எதன் மேல் என்ன கொட்டுவாள் என்று அவளிடமே கேட்டுத்தான் கவரைத் தேர்ந்தெடுத்தோம். ஜன்னல் பக்கத்து மேஜையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை வருகிறாள்.