அவருடைய நூற்றிருபது வோல்ட் டிரில்

செவ்வாய்க்கிழமை, இரவு.

"நூத்தியிருபது வோல்ட் மிஷினை நம்ம பிளக்ல சொருகினா ரெண்டு மடங்கு வேகமா ஓடுமா டீச்சர்?" என்று ஒருமுறை வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். "ஓடும், கருகிப்போகும் வரைக்கும்" என்றேன். வகுப்பே சிரித்தது.

இன்று அதைக் கண்ணால் பார்த்தேன். கர்ட்டன் கம்பி மாட்ட வந்த கார்பென்டர் செல்வத்தின் டிரில் மக்கர் செய்தது. என் கணவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த டிரில்லை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிளக் முனைகள் தட்டை, நம் சாக்கெட்டில் நுழையாது என்று அடாப்டரையும் நானே தேடித் தந்தேன். அடாப்டர் மின்னழுத்தத்தைக் குறைக்காது. எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! டிரில் அலறியது, புகைந்தது, நின்றது.

"ஐயோ டீச்சர், நான்தான் ஜாஸ்தி அழுத்திட்டேன் போலக்கீது. சார் ஞாபகமா வெச்சிருந்தீங்களே!"

"பரவாயில்லைப்பா" என்று மட்டும் சொன்னேன். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

இவர் இருந்தவரை, முதலில் கட்டிலடியிலிருந்து டிரான்ஸ்ஃபார்மரை இழுப்பார். நம் வீட்டு மின்னழுத்தத்தைப் பாதியாக்கித் தரும் இரும்புப் பெட்டி. "உன் தம்பியைவிடக் கனம்டி இது" என்பார். இரும்புலியூருக்குக் குடிவந்த வாரம் சமையலறையில் போட்ட முதல் ஓட்டையே கோணல். "சுவர்தான் கோணல்" என்று சாதித்தார். அந்த அலமாரி இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது.

டிரில் போனது போனதுதான். ஆனால் செல்வம் தன்னையே திட்டிக்கொண்டு படுத்திருப்பான். உண்மையைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்கு நானே ஒரு குறிப்பு: விடிந்ததும் அவனுக்குப் போன் செய். நான் அடாப்டரைக் கொடுத்ததுதான் தப்பு என்று சொல்.