தஃப் மெஷின்

பெப். 8, ஞாயிறு

இந்தக் கொப்பி உங்கள் கையில் கிடைத்திருந்தால், முன்பக்கங்களில் இரசாயனம்தான். அதோடு மூடிவிடுங்கள். முடியாவிட்டால் வாசியுங்கள், ஆனால் ஒருவருக்கும் காட்ட வேண்டாம். உம்மாவுக்குக்கூட. கெஞ்சிக் கேட்கிறேன்.

நாள் முழுக்கத் தூறல். மிளகு காயவில்லை. முற்றத்தில் படங்குத் தார்ப்பாயை விரிப்பதும் மூடுவதுமே வேலை. தலைமுடியெல்லாம் மிளகு வாசம்.

கட்டாரிலிருந்து நானாவின் வொய்ஸ். போர்வைக்குள் கேட்டேன். "தங்கச்சி, ரூம்ல ஈக்கிற பிலிப்பைன் பொடியன் ஊருக்கே போறான். அவன்ட மியூசிக் சாமான்ல ஒண்ட ஒனக்கி தாறானாம். ட்ரம் மெஷின் ஒண்டு, சின்த் ஒண்டு. ரெண்டும் என்ட பேக்ல புடிக்காது. புதன் ராவைக்குள்ள சொல்லு."

நோன்புக்கு முன் வருகிறார்.

நான் ஃபோனில் தாளம் செய்வது நானாவுக்கும் பக்கத்து மேசை ஸஹ்ராவுக்கும் மட்டும்தான் தெரியும். வாப்பா அறிந்தால் ஃபோன் போய்விடும். ஏசமாட்டார். மாமியின் மகள் கலியாணத்தில் பேண்ட் தொடங்கியதும், சஹன் சோற்றில் வைத்த கையை எடுத்துக் கழுவிவிட்டு, வெளியே போய் லொறியில் தனியாக உட்கார்ந்தார். வீட்டுக்கு வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. அந்த அமைதிக்குத்தான் பயம்.

பெப். 9, திங்கள்

வெயில், ஒருவழியாக.

ட்ரம் மெஷின்: பதினாறு பொத்தான். அழுத்திய இடத்தில் அடி விழும், சுற்றிச் சுற்றி வரும்.

சின்த்: சின்னச் சின்னக் கட்டைகள், திருகும் குமிழ்கள். ஒரு சுரத்தைப் பிடித்து இழுக்கலாம், கரகரப்பாக்கலாம், தண்ணீருக்குள் போட்டதுபோல மங்கலாக்கலாம்.

அடி ஃபோனிலேயே இருக்கிறது. இல்லாதது மெட்டு. தலைக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது, எனக்கோ பாட வராது. ஆக, சின்த்.

ஆனால் ஓதப் போன காலத்தில் ஹஸ்ரத் சொன்னது ஞாபகம். கலியாணத்தில் தஃப் என்ற தோல் மேளம் அடித்தால் குற்றமில்லை. மற்ற வாத்தியங்கள் வேண்டாம். ட்ரம் மெஷினும் அடிதானே. பிடிபட்டால் அதைச் சொல்லலாம். சின்துக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இடைவேளையில் ஸஹ்ராவிடம் சொன்னேன். கடலை கொறித்தபடி கேட்டாள்.

"அப்ப தஃப் மெஷின் எண்டு மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கோ."

"பகிடி பண்ணாத."

"பகிடி இல்லடி. வாப்பா கேட்டா, இது கரண்ட்ல ஓடுற தஃப் வாப்பா எண்டு சொல்லு. கரண்ட் பில்ல நெனச்சுத்தான் ஏசுவாரு."

சிரித்தேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் சிரிப்பு வரவில்லை.

பெப். 10, செவ்வாய்

எழுத்து கோணல்.

பின்னேரம் ஸ்டோரில் சாக்குத் தைத்தேன். காதில் இயர்ஃபோன், சால்வைக்குள். வாப்பா சுளகில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தார். அவருடைய புடைப்பு எப்போதும் ஒன்றுதான்: இரண்டு வீச்சு, ஒரு நிறுத்தம், விளிம்பில் ஒரு தட்டு. என் தாளமே அதுதான். போன மாதம் அவருக்குத் தெரியாமல் ஃபோனில் பதிந்து, அடியில் கனமாக ஒரு சத்தம் சேர்த்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

வயர் சாக்கில் மாட்டிக் கழன்றது. ஃபோன் வெளியே கேட்டது. இரண்டு வீச்சு, நிறுத்தம், தட்டு. இரண்டு வீச்சு, நிறுத்தம், தட்டு.

சுளகு நின்றது.

அணைப்பதற்குள் சில சுற்று ஓடிவிட்டது. வாப்பா ஃபோனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த சுளகைப் பார்த்தார். பிறகு, "சாக்க இழுங்க மகள், மிளகு செதறுது."

அவ்வளவுதான். சாப்பாட்டில் மீன் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார்.

அறைக்கு வந்ததும் நானாவுக்கு அனுப்பினேன்: ட்ரம் மெஷின்.

உடனே பதில். "சரி. ஆனா ஆசைல சொல்றியா, வாப்பாக்கி பயத்துல சொல்றியா?"

நாளை மறக்கக்கூடாதவை: இரசாயனச் செய்முறைக் கொப்பி, உம்மாவின் பிரஷர் மாத்திரை.

பெப். 11, புதன்

மாத்திரை வாங்கியாயிற்று. கொப்பியை மறந்தேன். மறுபடி மழை.

குசினியில் உம்மா தேங்காய் துருவியபடி, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: "வாப்பா ஒங்கட ஃபோன பத்தி கேட்டாரு. அதுல சத்தம் புடிச்சு வைக்க ஏலுமா எண்டு."

"நீங்க என்ன சொன்ன?"

"எனக்கென்ன தெரியும்? மகள்ட்டயே கேளுங்க எண்டேன்."

"கோவமா கேட்டாரா?"

"அவர்ட மொகத்துல என்னத்த கண்டு புடிக்கிற? இருவத்தஞ்சு வருஷமா நானும் பாக்கிறேன்."

பத்து மணிக்கு உம்மா கதவருகே வந்து, "லைட்ட நூத்திட்டு படுங்க மகள்" என்றார். நூத்தேன். இது டோர்ச் வெளிச்சம்.

தகரத்தில் மழை. தாளத்தை மெதுவாக, மிக மெதுவாக ஓடவிட்டேன். தலைக்குள் இருந்த மெட்டு தானாக வந்து அந்த நிறுத்தத்தில் உட்கார்ந்தது. இரண்டு வீச்சு, பிறகு மெட்டு, பிறகு தட்டு. அந்த இடம் அதற்காகவே காலியாக இருந்ததுபோல. ட்ரம் மெஷின் அங்கே இன்னோர் அடியைத்தான் போடும். அடி எனக்கு வேண்டாம். அடி வாப்பாவிடமிருந்து கிடைத்துவிட்டது.

ஃபோனைப் பறித்தால் பறிக்கட்டும். பொய்யான ஒன்றைக் கேட்டு வாங்கிவிட்டு, அதையும் ஒளித்து வைக்க என்னால் முடியாது.

நானாவுக்கு: "பயத்துலதான் சொன்னேன். சின்த் கொண்டு வாங்க."

ஒரு டிக். வேலையில் இருப்பார்.

இரண்டு டிக்.

ஹோலில் லைட் எரிகிறது. கதவுக்குக் கீழே கோடாக வெளிச்சம். செருப்புச் சத்தம்.

உம்மா என்றால் உள்ளங்கையால் படபடவென்று தட்டுவார். வாப்பா தட்டுவதே இல்லை, செருமுவார்.

தட்டுகிறது. இரண்டு. நிறுத்தம். ஒன்று.

திரும்பவும். இரண்டு. நிறுத்த