பெருக்கின வீட்டைப் பெருக்காதீங்க

என்னங்க,

அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவர் வேலையை அவரே பாக்கட்டும், கூடமாட ஒத்தாசைன்னு இறங்கி நனையாதீங்க.

நேத்து நான் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டுப் படுத்தேன்னு நீங்க கேக்கவே இல்ல. சாயங்காலம் நான் வேலை முடிஞ்சு வந்து கதவைத் திறந்தப்ப ஜன்னலோரமா உக்காந்திருந்தீங்க. திரைச்சீலை வழியா வந்த வெயில் உங்க மடியில கிடந்துச்சு. அதுல தூசி மெதுவா மிதக்குது, நீங்களும் அதுகூடவே மிதக்குறீங்க. அப்படியே நின்னு பாத்துட்டே இருக்கலாம்போல இருந்துச்சு. என்னைப் பாத்ததும் விருட்டுன்னு எழுந்து, பெருக்கின தரையையே திரும்பப் பெருக்க ஆரம்பிச்சிட்டீங்க. நான் என்ன உங்க சூப்பர்வைசரா?

ஃபேக்டரியை மூடிட்டாங்க, சரி. உங்களையுமா மூடிட்டாங்க? தெருமுனை திரும்பினதும் அந்த ஜன்னல்ல உங்க தலை தெரியுதான்னுதான் நான் பாக்குறேன். தெரிஞ்சா பாதி கால்வலி போயிடுது.

இன்னிக்கு நான் வரும்போது எழுந்திருக்காதீங்க. பக்கத்துல எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைங்க.

பி.கு: துடைப்பத்தைத் தேடாதீங்க. கையோட எடுத்துட்டுப் போறேன். பஸ்ல சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்.