ரிப்பன் கட்டிய மரங்கள்

அன்புள்ள மாப்ளே,

பேசாமல் இருந்தது போதும். ஸ்வீடனுக்குப் பிறகு நீ இருந்த நான்கு வருடமும் வாயைத் திறக்கவில்லை. நீ போன பிறகு இந்த ஒரு வருடமும் திறக்கவில்லை. இனி உனக்குக் கேட்காது என்று ஆன பிறகுதான் எனக்குப் பேச்சு வருகிறது. இதற்கும் நீ சிரிப்பாய்.

முதலில் ஹைதராபாத் சமாச்சாரம். மாதாப்பூரில் நம் ஆபீஸுக்குப் பின்னால், டீ குடிக்கும்போது சாய்ந்து நிற்போமே, அந்தப் பாறையை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இன்னொரு கண்ணாடிக் கட்டடம் எழும்புகிறது. உன் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. எனக்கு இந்த வருடமும் பதவி உயர்வு இல்லை. மல்காஜ்கிரியிலிருந்து அதே இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருக்கிறேன்.

உன் வருஷாந்திரம் நெருங்குகிறது. போன மாதம் குகட்பள்ளியில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன் மகள் ஒரு பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உன்னைத் தெரிந்தவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்கி அதில் ஒட்டி வருகிறாள்.

"அங்கிள், ஆ ஸ்வீடன் ஸ்டோரி மீரே ராயாலி" என்றாள் தெலுங்கில். நான் விழித்ததைப் பார்த்துவிட்டு, "அதான், டாடி உங்களை சேவ் பண்ணாங்களே, அது. நீங்கதான் எழுதணும். இங்கிலீஷ்ல எழுதுங்க, ஓகேவா? எனக்குத் தமிழ் படிக்க ராது" என்றாள்.

உன் மனைவி, உன்னிடம் பேசிப் பழகிய தமிழில், சமையலறையிலிருந்து சொன்னார்: "எழுதிடுங்க அண்ணா. அவ ஸ்கூல்ல கூட அப்பான்னா அந்தக் கதைதான் சொல்றா."

வெள்ளைத் தாளுடன் வீட்டுக்கு வந்தேன். இரண்டு வாரம் அது வெள்ளையாகவே இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். ஆறு மாதத்துக்கு நம்மை ஸ்வீடனுக்கு அனுப்பியிருந்தார்கள். செப்டம்பர். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத இரண்டு இந்தியர்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, அந்த ஊர் ஆபீஸ்காரர் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்துக் காட்டுக்குப் போய் நடக்கச் சொன்னார். காடும் சதுப்பு நிலமும் சேர்ந்த பாதுகாக்கப்பட்ட பகுதி. பஸ் நம்மைக் காட்டின் ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

"என்னடா மாப்ளே, ஒரு டீக்கடை கூட இல்லாம ஒரு காடா?" என்று நீ கத்தினாய். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்க யாரும் இல்லை.

நெட்டையான ஊசியிலை மரங்கள். அடிமரங்களில் ஏறிய பாசி. வழி தவறாமல் இருக்க மரங்களில் ஆரஞ்சு வண்ணத்தில் வளையம் பூசியிருந்தார்கள். காடு முடிந்த இடத்தில் சதுப்பு நிலம் திறந்துகொண்டது. கண்ணுக்கு எட்டிய தூரம் பழுப்பும் மஞ்சளும். நடுநடுவே டிகாஷன் நிறத்தில் குட்டைகள். ஆள் உயரம்கூட வளராத மரங்கள். அதன் மேல் இரண்டு பலகைகளை ஒட்டிப் போட்டு நடைபாதை. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் போக முடியும். எங்கோ தூரத்தில் நாரைகள் கூப்பிட்டன. நீ பத்து நிமிடம் தொடர்ந்து பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

"சத்தமே இல்லாம காது வலிக்குதுடா" என்றாய் கடைசியில், மெதுவாக.

இனிமேல் வருவது உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

காட்டின் முகப்பில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்தது. நீ அதன் முன்னால் நின்று உன்னையே படம் எடுத்துக்கொண்டிருந்தாய். பலகைக்குக் கீழே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். பக்கத்துக் காட்டில் மரம் வெட்டப் போகிறார்கள், ரிப்பன் கட்டிய மரங்கள் அதற்கான அடையாளம், நடப்பவர்கள் ஆரஞ்சு வளையத்தை மட்டுமே பின்பற்ற வேண்டும் என்று ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது. நான் முழுவதும் படித்தேன். எதையும் முழுவதும் படிப்பவன் நான்.

நமக்குள் அப்போது பேச்சு சரியில்லை. அடுத்த இரண்டு வருடத்துக்கு நம்மில் ஒருவனைத்தான் அங்கே வைத்துக்கொள்வார்கள் என்று தெரிந்திருந்தது. இரண்டு நாள் முன்னால், நான் ஒரு மாதம் உட்கார்ந்து எழுதிய புரோகிராமை மேனேஜர் முன்னால் நீ "நாங்க செஞ்சது" என்று காட்டியிருந்தாய்.

பலகைகள் முடிந்து மறுபடி மரங்களுக்குள் வந்தோம். ஆரஞ்சு வளையம் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம் வரிசையாக ரோஜா நிற ரிப்பன்கள்.

"ஏய், இங்க பாரு! நம்ம ஊர்ல கல்யாண மண்டபத்துக்கு அம்புக்குறி போடுவான்ல, அது மாதிரி ரிப்பன் கட்டி வழி காட்டியிருக்கான். ஷார்ட் கட்டுடா."

"சரி, போ" என்றேன்.

ஆபீஸில் நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட வித்தை அது. அடுத்தவன் தப்புச் செய்வது தெரிந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. அவன் அதைச் செய்து முடித்த பிறகு, மீட்டிங்கில் பத்துப் பேர் முன்னால் எடுத்துக் காட்ட வேண்டும். நீ வழிதவறி ஒரு மணி நேரம் அலைவாய், கடைசியில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். நம்புகிறாயா?

ரிப்பன்கள் நின்ற இடத்தில் பச்சைப் பசேலென்று ஒரு வெட்டவெளி. "கிரவுண்டு மாதிரி இருக்குடா, கிரிக்கெட் ஆடலாம்" என்று இறங்கினாய். நாலாவது எட்டில் முழங்கால். அடுத்து இடுப்பு. திரும்பி என்னைப் பார்த்தாய். அந்த முகத்தில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஈரப் பாசியில் குப்புறப் படுத்து, பையின் வாரை உன் பக்கம் வீசி இழுத்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உன் ஒரு ஷூ உள்ளேயே தங்கிவிட்டது.

பிறகு, நடப்பவர்கள் ஒதுங்கக் கட்டியிருந்த மூன்று சுவர் மரக் கொட்டகையில் தீ மூட்டினோம். பல் தந்தியடிக்கக் கேட்டாய்: "அந்த போர்டுல என்னடா போட்டிருந்துது?"

"பாக்கலை" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். அப்புறம், "புளிசாதத்தை எடு" என்றாய்.

திங்கட்கிழமை ஆபீஸில் கதையைத் திருப்பிப் போட்டாய். "இவன் இடுப்பு வரைக்கும் உள்ள போய்ட்டான் சார். நான் மட்டும் படுத்து இழுக்கலைன்னா இன்னிக்கு இவன் சீட் காலி." எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் உன் தோளைத் தட்டினார். வெள்ளிக்கிழமை இடம் உனக்கு என்று ஆனது. நான் ஹைதராபாத் திரும்பினேன்.

உன்னைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. ஆனால் நீ ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று யாராவது கேட்டிருப்பார்களே. அதனால் வாயை மூடிக்கொண்டு வெறுத்தேன். அது வசதியாக இருந்தது.

போன வருடம், நீ பிழைக்காமல் போன அந்த ஆபரேஷனுக்கு முந்தின நாள், ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் அதே கதையை என் எதிரிலேயே சொன்னாய். சொல்லி முடித்து என் பக்கம் திரும்பினாய். நான் மறுக்கவேண்டும் என்று காத்திருந்தாயா? இழுத்துக் கரை சேர்த்தது நீதான் என்று நிஜமாகவே நம்ப ஆரம்பித்துவிட்டாயா? அல்லது அந்தத் தாளை நான் படித்தது அந்தக் கொட்டகையிலேயே உனக்குத் தெரிந்துவிட்டதா?

நேற்று உன் மகளுக்கு எழுதிக் கொடுத்தேன். நான் சேற்றில் அமிழ்ந்ததாகவும், நீ குப்புறப் படுத்து வாரை வீசியதாகவும், கைத்தோல் உரிந்தும் விடாமல் இழுத்ததாகவும். கீழே என் முழுப் பெயர், கையெழுத்து. அவள் நின்றபடியே சத்தமாகப் படித்தாள்.

"அப்புடு மீக்கு பயமேசிந்தா அங்கிள்?" பயமாக இருந்ததா என்று கேட்கிறாள்.

"ரொம்ப" என்றேன். அந்த ஒரு வார்த்தை பொய்யில்லை.

நான் எழுதியதில் நீயும் பங்கு காட்டிக்கொண்டதையும், என் இடத்தை எடுத்துக்கொண்டதையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. "சரி, போ" என்று நான் சொன்னதை நீ மன்னிக்கவேண்டும் என்றும் கேட்கவில்லை. ஒன்றுக்கு மட்டும் வாக்குத் தருகிறேன்: அவள் எத்தனை வயதில் வந்து கேட்டாலும், நீதான் என்னை இழுத்தாய்.

சென்னைப் பத்திரிகை ஒன்றில், மறைந்தவர்களுக்கு எழுதும் கடிதங்களைப் போடுகிறார்கள். நம் ஆபீஸில் அதை வாங்குபவன் நான் ஒருவன்தான். ஆனாலும் பெயரைப் பார்த்தால் யாராவது கத்தரித்து எடுத்துக்கொண்டு போய் உன் வீட்டில் கொடுத்துவிடுவார்கள். அதனால் உன் பெயரை எங்கும் எழுதவில்லை. பொய்க்கு நேற்றே கையெழுத்துப் போட்டாகிவிட்டது. இதற்குப் போடாமல் உறையை ஒட்டித் தபாலில் சேர்க்கப் போகிறேன்.