மலைப்பாதையில் காரை விட்டு இறங்கிய ஐயாவுக்கு

என் ஐயாவுக்கு,

இதை வாசிக்க உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கோ இத்தாலியன் கதைக்க வருமே தவிர எழுத வராது. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் என்னோடு கதைத்தவைகூட எனக்குள் எங்கள் தமிழாகத்தான் கிடக்கின்றன.

நான் இப்போது ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சிக்னோரா அம்மாவின் வீட்டில் வேலை செய்கிறேன். பேப்பரில் உங்கள் சாவைப் போட்டிருந்ததை அவர்தான் வாசித்துக் காட்டினார். முன்பு கார்ப் பந்தயங்களில் ஓடியவர், பெரிய வெற்றி எதுவும் பெறாதவர் என்று இரண்டே வரி. பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது போதுமா, ஐயா?

கால்சாப் பகுதியில் உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாள், சுவர் நிறையப் படங்கள். எல்லாவற்றிலும் எண்ணெய் படிந்து கறுத்த உங்கள் முகம்.

"இதிலை எதிலை வெண்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டிலையும் இல்லை. ஐஞ்சாவது, எட்டாவது, அப்பிடித்தான். நடுவிலை ஓடவும் ஆக்கள் வேணும், பிள்ளை. இல்லாட்டி முன்னுக்கு ஓடுறவன் முன்னுக்கு எண்டு ஆருக்குத் தெரியும்?"

எங்கள் வீட்டில் தகப்பனை ஐயா என்றுதான் கூப்பிடுவோம் என்று ஒருநாள் வாய்தவறிச் சொன்னேன். அதன்பிறகு உங்களை வேறு விதமாகக் கூப்பிட நீங்கள் விடவில்லை.

அந்த ஒரு பந்தயத்தைப் பற்றி வெகுநாள் கழித்துத்தான் சொன்னீர்கள். உங்கள் தீவின் மலைப்பாதை. அன்றைக்கு மட்டும் உங்கள் கார் பறந்தது, இரண்டாவதாக வந்துகொண்டிருந்தீர்கள். உங்கள் குழுவின் பெரிய ஓட்டக்காரருடைய கார் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. அந்தக் காலத்தில் அப்படி நின்றால் கூட ஓடுகிறவனின் காரை வாங்கி ஓட்டலாமாம். குழுவின் முதலாளி உங்களை நிறுத்தச் சொல்லிக் கொடியை அசைத்தார். நீங்கள் நிறுத்தி இறங்கினீர்கள். அவர் ஏறிப் போய் வென்றார். மாலை அவர் கழுத்தில் விழுந்தது.

"ஏன் இறங்கினீங்கள்?" என்று கோபத்தோடு கேட்டேன்.

"கார் முதலாளியின்ரை. என்ரை எண்டு அதிலை இருந்தது கையுறை மட்டும்தான்."

ஊரில் என் தகப்பன் இறந்த செய்தி வந்த அன்று, நீங்களே எனக்குக் காப்பி ஊற்றித் தந்தீர்கள். பாதி கோப்பைக்கு வெளியில்தான் போனது.

"போகேலாதோ?"

"ஏலாது ஐயா. சண்டை. பாதையெல்லாம் பூட்டிக் கிடக்கு. இஞ்சை தங்கிற பெர்மெஸ்ஸோக் கடுதாசியும் என்னட்டை இல்லை, போனால் திரும்பி வரேலாது."

பொழுதுபடும் மட்டும் பக்கத்தில் இருந்தீர்கள். அன்றைக்கு எனக்கு வேறு ஆர் இருந்தார்கள்?

பிறகு நீங்கள் குளியலறையில் விழுந்தீர்கள். மிலானோவிலிருந்து மகன் வந்தார். முதியோர் இல்லத்தில் இடம் பிடித்துவிட்டதாகச் சொன்னார். அவரும் அழுதுகொண்டுதான் சொன்னார், அதை மறைக்க மாட்டேன். நீங்கள் சமையலறை மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டீர்கள்.

"நான் போகேல்லை. பிள்ளை, நீ சொல்லு அவனுக்கு."

நான் வாசலை மறித்து நின்றேன். "சிக்னோரே, இஞ்சையே இருக்கட்டும். நான் ராப்பகலா நிண்டு பாக்கிறன்."

"குடும்ப விஷயத்திலை தலையிடாதை," என்றார் அவர். "இப்பிடி நிண்டால் உன்ரை பெர்மெஸ்ஸோவுக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

வேலை தந்த வீட்டார் வைக்கும் அந்தக் கையெழுத்து இருந்தால்தான் பெர்மெஸ்ஸோ கிடைக்கும், ஊரில் இருக்கும் என் மகளைக் கூப்பிடலாம். அது உங்களுக்குத் தெரியும். உங்கள் விரல்கள் மேசையிலிருந்து தளர்ந்ததை நான் பார்த்தேன்.

"கோட்டைக் கொண்டு வா, பிள்ளை," என்றீர்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். கோட்டைக் கொண்டுவந்து பொத்தான்களைப் பூட்டிவிட்டேன். அதற்கு மேல் என் கையில் என்ன இருந்தது?

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தேன். நீங்கள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தீர்கள். மழைகாலம் முடியுமுன்னே போய்விட்டீர்கள்.

மகன் சொன்னபடி கையெழுத்து வைத்தார். குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ தந்துவிட்டார்கள். மகளைக் கூப்பிடலாம் என்கிறார்கள். பாதை பூட்டிக் கிடக்க அவள் கொழும்புவரை எப்படி வருவாள்? கடிதம் போட்டிருக்கிறேன், பதிலில்லை. சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் தரை துடைக்கிறேன், துணி மடிக்கிறேன்.

ஆடி அமாவாசை வருகிறது. தகப்பன் இல்லாதவர்கள் விரதம் இருக்கும் நாள். கோயிலென்று இங்கே எங்களுக்கு ஒரு அறைதான் உண்டு. அங்கே பூசை செய்கிறவர் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். உங்கள் நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவேன்? ஆனாலும் இந்த முறை இரண்டு தகப்பன்மாருக்காகப் பட்டினி கிடப்பேன், இரண்டு இலை போட்டுப் படைப்பேன். நான் இருக்கும்வரை ஒவ்வோர் ஆடிக்கும் அப்படியே செய்வேன், ஐயா. அதை ஆரும் வந்து தடுக்க ஏலாது.

பலெர்மோவிலிருந்து,
உங்களுக்குப் பிறவாத மகள்
சிவமலர்