இந்தப் பக்கத்திலிருந்து படித்தால்

சாரம், புதுச்சேரி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

புத்தகக் கடையில் கூட்டமில்லாததால் நிறையப் படிக்கிறேன். மாயாஜால நாவலில் ராஜாக்கள் அதிகம். துப்பறியும் கதையில் கொலைகாரன் பாதியிலேயே தெரிந்துவிட்டான். குரோஷா பின்னல் புத்தகத்தில் படங்கள் மட்டும் பரவாயில்லை. மங்கா என்கிற ஜப்பானியப் படக்கதையை நம் வழக்கப்படி இடப்பக்கமிருந்து புரட்டினேன். எடுத்தவுடனே கதாநாயகியின் அப்பா செத்துக் கிடந்தார்.

கூட வேலை செய்யும் ஸ்டெஃபனி சிரித்தாள். "அக்கா, அது முடிவு. மங்காவ அந்தப் பக்கத்துலேர்ந்து படிக்கணும்."

நான் மாற்றவில்லை. இப்படியே படித்துப் போனால், கடைசியில் அவர் மகளைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகிறார்.

அப்பாவின் சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. துவைக்காதது இருந்தால் ஒன்று அனுப்பு. கடை திறக்க நேரமாகிறது.

பூர்ணிமா