சூனியக்காரி ஆட்டத்துக்கு நீர் எழுதிய விமர்சனம்

நேற்று என் காரை விற்பதற்காகத் துப்புரவாக்கியபோது இருக்கைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் குச்சி கிடைத்தது. பேனாவில் பாதி நீளம்தான் இருக்கும். யாருடையது என்று யோசிக்கத் தேவையிருக்கவில்லை. உம்முடைய கையடக்க வீடியோ கேம் பெட்டியின் திரையைத் தொடும் குச்சி. இரண்டு நாள் தேடிவிட்டு, ரயிலில் விழுந்திருக்கும் என்று கைவிட்டீர்.

அப்போது நான் சிட்னித் தமிழருக்கென்று ஒரு சிறிய மாத இதழ் நடத்திக்கொண்டிருந்தேன். மேய்ஸ் ஹில் கோயிலுக்கு வரும் பெற்றோர் ஒரு ஜப்பானிய வீடியோ ஆட்டத்தைப் பற்றியே கதைத்தார்கள். ஊரில் ஒளிந்திருக்கும் சூனியக்காரியைக் கண்டுபிடிக்க, சந்தேகத்துக்குரிய பெண்ணைத் திரையில் குச்சியால் தொட்டுத் தொட்டு விசாரிக்க வேண்டுமாம். ஆபாசம் என்று ஆங்கில விமர்சகர்கள் எழுதியிருந்தார்கள். நாங்களும் கண்டிக்க வேண்டும் என்று எனக்கு அவசரம். எங்களுக்குள் ஜப்பானில் படித்து, அந்த மொழி தெரிந்தவர் நீர் ஒருவர்தான். ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன்.

“நீர் விளையாடிப் பாத்தனீரோ?”

“இல்லை.”

“எழுதினவையள் பாத்தவையோ?”

“தெரியாது.”

“அப்ப நான் பாத்திட்டு எழுதுறன்.”

ஒசாக்காவில் இருந்த தோழியிடம் சொல்லி ஆட்டத்தை வரவழைத்தீர். வெஸ்ட்மீட்டில் ரயிலேறி வேலைக்குப் போகும் வழியெல்லாம், நாற்பத்தைந்து வயதில், மடியில் அகராதியோடு மூன்று வாரம் விளையாடினீர். பிறகு ஒரு சனிக்கிழமை பகலில் என் குசினி மேசையில் பெட்டியை வைத்து, “இப்ப நீர்” என்றீர்.

தொடத் தொட அந்தப் பெண்ணின் இதயத்துடிப்பு பெட்டியின் மேல்திரையில் ஏறியது. எல்லையைத் தாண்டினால் அவள் சூனியக்காரி. ஆபாசம் எங்கே என்று தேடத் தொடங்கியவள், அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரைப் பிடித்துவிட்டேன். “இன்னும் ஒண்டு” என்றேன்.

“அவ என்ன சொன்னவ எண்டு பாத்தீரோ?”

எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. வாசிக்காமலே தட்டிக்கொண்டு போயிருந்தேன்.

“தனக்கொண்டும் தெரியாது எண்டு நாலுதரம் சொல்லிப்போட்டா.”

அதன் பிறகுதான், பத்தொன்பது வயதில் இலங்கையில் ஒரு இராணுவச் சோதனைச்சாவடியில் உம்மை பஸ்ஸிலிருந்து இறக்கி, உமக்குத் தெரியாத மொழியில் கேள்வி கேட்டதைச் சொன்னீர். “பயத்தில நெஞ்சு அடிச்சது. கை நடுங்கினது. ஒண்டுமில்லாட்டி ஏன் நடுங்குறாய் எண்டு ஒரு பகல் முழுக்க வைச்சிருந்தவை.” பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அதை நான் கேட்டதேயில்லை. பெட்டியை மூடி வைத்தேன்.

உம்முடைய விமர்சனத்தில் ஆபாசத்தைப் பற்றி இரண்டே வரி. மிச்சமெல்லாம், பயந்தவளின் துடிப்பைக் குற்றத்துக்குச் சாட்சியாக எடுக்கும் விளையாட்டு இது என்பதைப் பற்றியது. நடுவில் ஓவியமும் இசையும் மிக நன்று என்று ஒரு பந்தி. பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்து, உம்மைக் கேட்காமல் அந்தப் பந்தியை வெட்டினேன்.

இதழ் வந்த அன்று தொலைபேசியில், “எனக்குப் பிடிச்சதையும் எழுதினனான். அதை எடுத்துப்போட்டால் மிச்சம் என்ர சொல் இல்லை” என்றீர். சத்தம் போடவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த இதழில் முழுவதையும் மன்னிப்போடு போட்டேன். எங்களை ஏசி வாசகர் கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் ஆவலோடு வாசித்துவிட்டு, “இவையும் விளையாடேல்லைப் போல” என்று சிரித்தீர்.

நீர் இறந்து ஒரு வருடமாகிறது. இதழும் நின்றுவிட்டது. இப்போது நான் புகலிடம் கேட்டு வருகிறவர்களுக்கு மொழிபெயர்க்கிறேன். போன கிழமை ஒரு பெண் பேசப் பேச நடுங்கினாள். விசாரித்த அதிகாரி என்னைப் பார்த்து, ஏன் நடுங்குகிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்றே தோன்றியது. ஆனாலும் அவள் பக்கம் திரும்பி, அந்தக் கேள்வியைத் தமிழில் அவளிடமே கேட்டேன். அவள் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன்.